நோயில்லாத அப்பா

பரீட்சை தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தபோது நோயில்லாதவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

"எழுந்திரிக்கவே முடியலை டாக்டர்" என்று அவர் போனில் முனகியதும், டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மருத்துவக் கல்லூரியில் அவள் விரிவுரையாளர். கைவேலை செய்பவர்களுக்கு மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகும். அதை மாணவர்கள் ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதற்காக ஒரு புதுப் பாடமுறையை உருவாக்கியிருந்தாள். நரம்பைச் சோதிக்கும் மெஷினுக்கு ஓடாதே, முதலில் கையைப் பிடித்துப் பார் என்பதுதான் பாடத்தின் சாரம். அது பலித்ததா என்று பார்க்க இன்று பரீட்சை. நோயுள்ள இரண்டு பேர், நோயில்லாத ஒருவர் என மூவர் உட்கார்ந்திருப்பார்கள். யார் யாருக்கு நோய் என்று மாணவர்கள் சொல்ல வேண்டும். துறைத் தலைவரே பார்க்க வருகிறார். அவருக்குத் திருப்தியில்லை என்றால் இந்த ஆராய்ச்சிக்கு இன்றோடு மங்களம்.

"வேணும்னா நான் உட்காரட்டுமாம்மா?"

வாசலில் அப்பா. பேக்கரி மாஸ்டர். யாரும் அழைக்காமலே சலவைச் சட்டையில் வந்திருந்தார். கேட் காவலாளியில் தொடங்கி லிஃப்ட்காரர் வரை எல்லோரிடமும், "ஆராய்ச்சி பண்றது என் பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் மாடிக்கே ஏறியிருந்தார்.

"உங்களுக்குக் கை விரல் எதுவும் மரத்துப்போகலையே?"

"எனக்கா? இந்தக் கை பிசையாத மாவா!"

அவசரத்தில் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். "நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்ப்பா. சும்மா உட்கார்ந்திருந்தா போதும்."

"பிறந்ததுலேருந்து சும்மா உட்கார்ந்ததில்லை. உனக்காக முயற்சி பண்றேன்."

முதல் மாணவி உள்ளே போய்விட்டு வந்தாள். நோயுள்ள இருவரையும் சரியாகச் சொன்னாள். டாக்டரம்மா பெருமூச்சு விடுவதற்குள், "அந்த பேக்கரிக்காரருக்கும் இருக்கு சார்" என்றாள்.

துறைத் தலைவரின் புருவம் உயர்ந்தது.

டாக்டரம்மா உள்ளே பாய்ந்தாள். "அந்தப் பொண்ணுகிட்ட என்னப்பா சொன்னீங்க?"

"என்ன வேலைன்னு கேட்டா. சொன்னேன். அப்படியே உன்னைப் பத்தியும் ரெண்டு வார்த்தை..."

"இனிமே வாயைத் திறக்கக் கூடாது!"

அப்பா வாயை மூடிக்கொண்டார். பேச்சுக்கு வழியில்லாததால் அடுத்து வந்த மாணவன் முழு நேரத்தையும் அவர் கையிலேயே செலவழித்தான். அமுக்கினான், மடக்கினான், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"கட்டைவிரலுக்குக் கீழே சதை வத்திப்போயிருக்கு சார். சந்தேகமே இல்லை."

மறுபடியும் டாக்டரம்மா உள்ளே ஓடினாள். "முகத்தை ஏதாவது நோயாளி மாதிரி வச்சுக்கிட்டீங்களா?"

"சிரிச்சுக்கிட்டுதானேம்மா இருந்தேன்."

"சிரிக்கவும் வேண்டாம். கண்ணை மூடிக்குங்க. தொட்டா 'உம்'னு மட்டும் சொல்லுங்க."

மூன்றாவதாக வந்தவன் பஞ்சை எடுத்தான். சுண்டுவிரலைத் தொட்டான்.

"உம்."

ஆள்காட்டி விரலைத் தொட்டான். சத்தமில்லை. நடுவிரலைத் தொட்டான். அதற்கும் சத்தமில்லை. அப்பா கண்ணை மூடியபடியே பொறுமையாகக் காத்திருந்தார்.

"எப்ப தம்பி தொடப்போறீங்க?"

"தொட்டு முடிச்சுட்டேங்க."

அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற துறைத் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கற மாதிரி இருக்கே டாக்டர்! உங்க பாடம் படிச்சவங்களுக்குப் பார்க்கற கையெல்லாம் நோயாத் தெரியுது. நல்லா இருக்கறவரை நோயாளியாக்கற பாடம் நமக்கு எதுக்கு?"

டாக்டரம்மா அப்பாவை வராந்தாவுக்கு இழுத்தாள். "நடிக்காதீங்கப்பா, என் மானம் போகுது!"

"நான் நடிக்கலைம்மா."

"நடிக்கலைன்னு நடிக்காதீங்க!"

மீதி மாணவர்களும் ஒவ்வொருவராக வந்து அதையே சொன்னார்கள். கடைசி மாணவியும் சொல்லிவிட்டுப் போனபின் டாக்டரம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. மெஷினுக்கு ஓடாதே என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவள், அப்பாவை இழுத்துக்கொண்டு மெஷினுக்கு ஓடினாள்.

"இவருக்கு ஒண்ணுமில்லைன்னு இப்பவே நிரூபிக்கறேன் சார். வாங்க."

பின்னாலேயே துறைத் தலைவரும், வேடிக்கை பார்க்க மாணவர்களும் வந்தார்கள். நரம்புப் பரிசோதனை செய்யும் அம்மாள் அப்பாவின் கைகளில் ஒயர்களை ஒட்டினாள். திரையில் கோடுகள் எழுந்தன. அவள் ஒருமுறை பார்த்தாள். ஒயர்களைக் கழற்றி மறுபடி ஒட்டி இன்னொரு முறை பார்த்தாள்.

"ரெண்டு கையிலயும் இருக்கு டாக்டர். வலது கை ரொம்ப மோசம்."

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்போ ஒரு பிள்ளைகூட தப்பாச் சொல்லலை" என்றார் மெதுவாக. "நோயில்லாதவர்னு நீங்களே உட்கார வச்ச ஆளைக்கூட உங்க பாடம் விடலை. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். அடுத்த வருஷம் எல்லா வகுப்புக்கும் இதுதான் பாடம் டாக்டர்."

மாணவர்கள் கைதட்டினார்கள். டாக்டரம்மாவுக்குத் தட்டத் தோன்றவில்லை. அப்பாவின் முன் மண்டியிட்டு அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். மாவு பிசைந்து பிசைந்து அவளைப் படிக்கவைத்த கைகள். கட்டைவிரலுக்குக் கீழே, அந்தப் பையன் சொன்ன இடத்தில், பள்ளம் நன்றாகவே தெரிந்தது.

"ஏம்ப்பா சொல்லலை? ஊர்ல இருக்கற கையெல்லாம் பார்க்கறேன். உங்க கையைப் பார்க்காம விட்டுட்டேனே."

அப்பாவின் கவனம் அவளிடம் இல்லை. மாணவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தனை பேருமா கண்டுபிடிச்சாங்க? ஒருத்தர்கூட விடலையா?" என்று கேட்டார். நெஞ்சு நிமிர்ந்ததில் சலவைச் சட்டையின் பொத்தான்கள் இழுபட்டன.

அப்போதுதான் அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். அப்பாவைத் தேடி மாடி மாடியாக ஏறி இறங்கியிருந்தாள்.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினாள். "அம்மா, அப்பாவுக்குக் கையில நரம்பு நசுங்கியிருக்கும்மா..."

"எனக்கென்னடி புதுசாச் சொல்றே? போன வாரமே இவருக்கு ஆபரேஷன் முடிஞ்சிருக்கணும். கை சரியாயிட்டா என் பொண்ணோட பிள்ளைங்க எதைக் கண்டுபிடிப்பாங்கன்னு, இந்த மனுஷன்தான் தேதியைத் தள்ளிப்போட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்காரு!"