கணிப்பின்படி எண்ணெய் ஓடுகிறது

கெட்டி எண்ணெய் தானாக ஓடாது. கரைப்பானைக் கலந்து இளக்கினால்தான் குழாய் வழியே மின்நிலையம் போய்ச் சேரும். எவ்வளவு கலந்தால் எவ்வளவு இளகும் என்பதை முன்கூட்டியே சொல்வதற்கென்று நிர்வாகம் ஒரு முன்கணிப்புப் பிரிவை உருவாக்கி, நம்மவரை அதற்கு அதிகாரியாக நியமித்து, சுழல் நாற்காலியும் வழங்கி மகிழ்ந்தது.

நம்மவருடைய கணிப்பு இம்மியும் பிசகியதில்லை. அவருடைய மைத்துனன் அடுத்த கட்டடத்து ஆய்வுக்கூடத்தில் எண்ணெயைக் கலந்து அளப்பவன். காலை டீயின்போது, “இன்னைக்கு எவ்வளவுடா?” என்று கேட்பார். அவன் அளந்ததைச் சொல்வான். அதையே அவர் கணித்துவிடுவார். இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

ஒருநாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

“உங்க கணிப்பும் ஆய்வுக்கூடத்து அளவும் எப்பவுமே ஒண்ணா இருக்கே!”

“எல்லாம் உங்க ஆசி, சார்.”

“ஒரே அளவைச் சொல்ல ரெண்டு பேர் எதுக்கு? ஆய்வுக்கூடத்தை மூடிடலாம்.”

நம்மவர் கணக்குப் போட்டார். வாயைத் திறந்தால் தன் நாற்காலி போகும். மூடினால் மைத்துனன் வேலை போகும். அவர் நியாயவான். இரண்டையும் நடுநிலையோடு சீர்தூக்கிப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார்.

மைத்துனன் உபரி ஊழியராக வகைப்படுத்தப்பட்டு, அலுவலக லிஃப்டை இயக்கும் பொறுப்பில் அமர்த்தப்பட்டான். “என் தம்பி படிச்ச படிப்புக்குப் பொத்தான் அமுக்குறானே!” என்று மனைவி அழுதாள். நம்மவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. சோறு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் நேரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்.

மைத்துனன் கடைசியாகச் சொன்ன அளவையே அதன்பின் தினமும் கணித்தார். குளிர்காலம் வந்தது. எண்ணெய் இறுகி, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப் போலக் குழாயில் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. குழாய்ப் பிரிவு மேஸ்திரி போனில் அலறினார்.

“சார், எண்ணெய் நகர மாட்டேங்குது!”

“ஓடும்னுதானே கணிச்சிருக்கு?”

“கணிப்பு ஓடுது சார். எண்ணெய்தான் ஓடல.”

இயக்குநர் விசாரித்தார். ஒருபோதும் தவறாத கணிப்பு இப்போது மட்டும் தவற முகாந்திரம் இல்லை. அளந்து பார்க்க ஆய்வுக்கூடமும் இல்லை. ஆகவே எண்ணெய் ஓடிக்கொண்டிருப்பதாக முறைப்படி அறிவிக்கப்பட்டது. வந்து சேர்ந்ததென்று மின்நிலையமும் ஒப்புக்கொண்டது. அவர்களிடமும் ஒரு முன்கணிப்புப் பிரிவு இருந்தது.

மறுநாள் காலை இயக்குநரும் நம்மவரும் லிஃப்டில் ஏறினார்கள். மைத்துனன் ஐந்தாம் மாடிக்குப் பொத்தானை அமுக்கினான். பாதியில் விளக்கு அணைந்து, லிஃப்ட் குலுங்கி நின்றது.

“கரண்ட் போயிடுச்சா?” என்றார் இயக்குநர்.

இருட்டு நம்மவருக்குத் தைரியம் கொடுத்தது. இப்போதாவது சொல்லிவிட்டால் பையனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். “சார், அந்தக் கணிப்பு...” என்று ஆரம்பித்தார்.

“நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க. எண்ணெய் ஓடுது, அப்போ கரண்ட் இருக்கு. லிஃப்ட் போய்க்கிட்டுதான் இருக்கு. இப்போ எந்த மாடி வந்திருக்கும்?”

பழக்கதோஷம். நம்மவர் மைத்துனன் காதருகே குனிந்து, “எவ்வளவுடா?” என்றார்.

“ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல தொங்குறோம், மாமா.”

நம்மவர் நிமிர்ந்தார். வாழ்க்கையிலேயே முதன்முறையாக, யாரையும் பார்த்து எழுதாமல், சொந்தமாக ஒன்றைக் கணித்தார்.

“அஞ்சாவது மாடி, சார்.”

“அருமை!” என்று இயக்குநர் சட்டையைச் சரிசெய்துகொண்டு கதவைப் பார்த்து நின்றார். நம்மவரும் நின்றார்.

மைத்துனன் பெருமூச்சு விட்டான். அவனுக்கும் இந்த வேலையாவது நிலைக்க வேண்டுமே.

“பார்த்து இறங்குங்க சார்” என்றான்.