சுறாப்புட்டு மறுபடியும் மார்க்கெட்டுக்கு வந்த விவகாரம்

பட்டினப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் செம்பியன் அவர்களுக்கு, உங்கள் தங்கை காவேரியின் கணவன் கங்காதரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று எழுத ஆசைதான். பழவேற்காட்டில் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பார்கள் என நம்புகிறேன். போனில் பேசினால் உங்கள் தங்கை பிடுங்கிக்கொள்கிறாள், ஆகையால் கடிதம்.

விஷயம் சுறாப்புட்டு. முன்பெல்லாம் நம் மீன் மார்க்கெட் ஓரத்தில் இலையில் வைத்து விற்பார்களே, அப்புறம் விற்க ஆளே இல்லாமல் போயிற்றே, அதேதான். எதிர் வீட்டு ஜெனிதாவுக்குக் குழந்தை பிறந்தது. பால் ஊறட்டும் என்று காவேரி பால்சுறா வாங்கி, வேகவைத்து, தோல் உரித்து, உதிர்த்து, பூண்டும் வெங்காயமுமாகப் புட்டு செய்து கொடுத்தாள். அதோடு விட்டாளா? மிச்சத்தை மார்க்கெட்டுக்குத் தூக்கிப் போனாள். மீன் விற்கிற பொம்பளைங்க துன்னுட்டு, "இன்னா ருசி காவேரி, நாளைக்கும் எட்தா"ன்னாங்க. ஒரு குண்டான் ரெண்டு குண்டானாச்சு, ஒரு பொண்ணு வந்து செல்போன்ல படம் புடிச்சுப் போட்டுச்சு, அவ்ளோதான், தரமணி ஆபீஸ் பசங்கல்லாம் பைக்ல வந்து நிக்கிறானுங்க.

மச்சான், நான் பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனதே இனிமே கூட்டத்தைப் பார்க்க வேணாம்னுதான். இப்ப கூட்டம் என்னைத் தேடி வருது. "சும்மாத்தானே குந்திக்கினு கீற, வரிசையைப் பார்த்துக்கோ"ன்னுட்டா உங்க தங்கச்சி. நானும் பழக்கதோஷத்துல "முன்னாடி போ, முன்னாடி போ"ன்னு கத்தினேன். முன்னாடி நின்னவன் அடுப்பு மேலயே போய் முட்டினான். திட்டு எனக்கு. காலையில சுறா உதிர்க்கிறதும் நான்தான். எவ்ளோ சோப்பு போட்டாலும் வாசனை போகலை; வாக்கிங் போனா கூட்டாளிங்க தள்ளி நடக்கிறாங்க, பூனைங்க மட்டும் ஒட்டிக்கினு வருது.

இதுல பெரிய கூத்து கேளுங்க. எங்க மக ஜெயபாரதியைப் பொண்ணு பார்க்கத் திருவல்லிக்கேணியிலிருந்து வர்றதா இருந்தாங்க. முந்தின நாளே பையனோட பெரியம்மா விசாரிக்க வந்துட்டாங்க. வீடு பூரா புட்டு வாசனை. வாசல்லயே நின்னு, "இந்த வீட்ல யாருக்குப் பிரசவம்?"னு கேட்டாங்க. வீட்ல இருக்கிற ஒரே பொண்ணு ஜெயபாரதி. "யாருக்கும் இல்லீங்க, இது பிசினஸ்"னேன். அந்தம்மா மூஞ்சி இன்னும் மோசமாப் போச்சு. அதுக்குள்ள காவேரி கரண்டியோட வந்து, "குந்துக்கா, துன்னு பாரு"ன்னு ஒரு தட்டை நீட்டிட்டா. மறுநாள் குடும்பமே வந்து தின்னுச்சு. பையன் ரெண்டு தடவை புட்டு கேட்டான், பொண்ணு பேரைக் கேட்கலை. "எனக்கு வேணாம்பா இந்த ஆளு"ன்னுட்டா ஜெயபாரதி. சம்பந்தம் போச்சு, வாராவாரம் வரிசையில மட்டும் கரெக்டா வந்து நிக்கிறாங்க.

கடையை மூடுன்னு சொல்லிப் பார்த்தேன். "நீ பஸ்ல சுத்தினப்போ நான் வூட்ல இருந்தேன். இப்ப நான் போறேன், நீ இரு"ன்னா. அதனாலதான் உங்களைக் கூப்பிடுறேன். அண்ணன் நீங்க சொன்னா கேட்பா. உடனே வந்து நாலு வார்த்தை கண்டிச்சு, இந்தக் கடையை மூட வச்சுட்டுப் போங்க.

கடலம்மா உங்கள் வலையை என்றும் நிறைத்து வைக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும் சேரட்டும்.

இப்படிக்கு,
நிம்மதி இழந்த மச்சான்
கங்காதரன்

பின்குறிப்பு: இதைத் தபால்ல போடுறதுக்குள்ள காவேரிக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டா. இன்னிக்குக் கடை லீவுன்னு சொல்லத்தான் மார்க்கெட்டுக்குப் போனேன். அங்க மந்தைவெளியிலிருந்து, மகளுக்குப் பிரசவமாயிருக்குன்னு ஒரு அம்மா டிபன் பாக்ஸோட நின்னுக்கினு இருந்தாங்க. எப்படி இல்லைன்னு சொல்றது? நானே செஞ்சேன். குண்டான் காலி. "நேத்தைவிட நல்லாகீது பெர்சு"ன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. அதனால கண்டிக்கல்லாம் வேணாம். வரும்போது நல்ல பால்சுறாவா பார்த்து எடுத்துக்கினு வாங்க. காவேரி பூண்டு கொஞ்சம் கம்மியாத்தான் போடுறா. அதை மட்டும் நீங்க சொல்லுங்க. நான் சொன்னா வேலையை விட்டே தூக்கிடுவா.