கடைவாய்ப் பல்லுக்கு ஒரு திறப்பு விழா

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அரசாங்கக் காரியத்தில் ஒரு சொல் பிசகினாலும் வழக்கு வந்துவிடுமாம். ஆகையால் நடந்ததை நடந்தபடி, உரிய மரியாதைகளோடு எழுதுகிறேன். படிக்கும்போது யாருக்காவது சிரிப்பு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

என் தம்பி அவறானுக்கு நாற்பது வயது நெருங்குகிறது. மனசு மட்டும் குழந்தைப் பருவத்திலேயே நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து இதயத்தில் ஒரு வால்வும் சரியில்லை. உம்மா போனபிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. 'வாயைத் திற' என்றால் திறக்க மாட்டான். எதிரே இருப்பவர் திறந்தால் தானும் திறப்பான், அவர் மூடினால் மூடுவான். நான் அவனுக்கு ஊட்டுவது அப்படித்தான். 'ஆ' எனக்கு, உருண்டை அவனுக்கு.

பெருநாள் கழிந்த வாரம் அவன் நான் சுட்ட அரிசிமாவுப் பத்திரியைத் தின்னாமல் தள்ளிவிட்டான். மீன்குழம்பையும் தள்ளினான். கன்னம் வீங்கிவிட்டது. பார்த்தால் கடைவாய்ப் பல் கறுத்துக் கிடக்கிறது. இதய டாக்டரிடம் காட்டினேன்.

"இந்தச் சீழ் ரத்தத்துல இறங்கி வால்வைப் பிடிச்சுதுன்னா ஆளு தங்க மாட்டான். முதல்ல பல்லை எடுத்துட்டு வாங்க, அப்புறம் ஆபரேஷனைப் பத்திப் பேசலாம்" என்றார்.

எங்கள் சேலப்பாறை அங்காடியில் உள்ள பல் டாக்டர் இதயம் என்ற சொல்லைக் கேட்டதும் கையுறையைக் கழற்றிவிட்டார். சிறப்பு மையத்துக்குப் போகச் சொன்னார்.

எங்கள் நல்ல காலம், 'பல்வகைச் சிரமமுடையோர்க்கான சிறப்புப் பல்நல மையம்' எங்கள் ஊரில்தான் கட்டி முடித்திருந்தார்கள். இப்போது நாகரிகம் இப்படி. ஊனம் என்று யாரும் சொல்வதில்லை, சிறப்பு என்கிறார்கள். வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போட்டு, அதில் பூவெல்லாம் வரைந்திருந்தார்கள். சாய்தளத்தின் உச்சியில் 'புன்னகை எல்லோருக்கும்' என்று எழுதிய பெரிய செல்ஃபிச் சட்டம். அது வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் சக்கர நாற்காலிக்காரர்கள் அதுவரை ஏறி, படம் எடுத்துக்கொண்டு, இறங்கிவிட வேண்டும். அவறானுக்குக் கால் உண்டு. படிவழியாகப் போனோம்.

தலைமை அதிகாரி டாக்டர் ஜயப்ரகாசன் எங்களை உட்காரச் சொன்னார்.

"என்ன தொந்தரவு, இத்தா?"

"பல்லுவலி, சாரே."

"வேற நோய் ஏதாவது?"

"இதயத்துல வால்வு சரியில்ல."

அவர் முகம் வாடியது. "அப்போ இங்கே பார்க்க முடியாதே."

"இது நோயுள்ளவங்களுக்குன்னே கட்டின இடம்தானே சாரே?"

"ஆமா. அதனாலதான் ரொம்ப எச்சரிக்கையா இருக்கோம். உடம்புக்கு ஒண்ணும் இல்லாதவங்களை மட்டும்தான் எடுக்கிறோம்."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லாதவங்க எதுக்கு இங்கே வரணும்?"

"வரலையே! ஒருத்தர்கூட வரலை. அதான் இன்னிக்கு வரைக்கும் ஒரு அசம்பாவிதம்கூட நடக்கலை. வால்வைச் சரி பண்ணிட்டு வாங்க, பல்லைப் பார்த்துடலாம்."

"வால்வு டாக்டர் பல்லை எடுத்துட்டு வரச் சொல்றாரு."

"பாத்தீங்களா, ரெண்டு துறைக்கும் ஒரே கருத்து! முதல்ல மத்ததை முடிக்கணும். ஆஸ்பத்திரிகளுக்குள்ளே இப்படி ஒரு ஒற்றுமை நீங்க வேற எங்கேயும் பார்க்க முடியாது."

நான் அழுதுவிட்டேன். அப்போதுதான் அவர் அவறானின் வட்ட முகத்தையும் சின்னக் கண்களையும் நிதானமாகப் பார்த்தார்.

"ஆளைப் பார்த்ததுமே தெரியுது, இல்ல?"

"என்ன சாரே தெரியுது?"

"சிறப்பு. வியாழக்கிழமை மந்திரி வந்து மையத்தைத் திறக்கிறார். முதல் பயனாளி வேணும். ஒருத்தரைப் பார்த்து வெச்சிருந்தோம், காது கேக்காதவர். ஆனா அது போட்டோவிலே விழ மாட்டேங்குது."

"பல்லை எடுத்துடுவீங்களா?"

"திறக்காத மையத்துல எப்படி எடுக்கிறது? விழா முடியட்டும், இத்தா."

வியாழக்கிழமை செண்டை முழங்கியது. சுற்றுவட்டாரத்துப் பல் டாக்டர்கள் எல்லாரும் மேடையில் வரிசையாக இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த நாற்காலியில், பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்காமல், அவறானைச் சாய்த்து வைத்தார்கள். வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டவனின் கையை ஒருவர் எடுத்துவிட்டார், முகம் மறைகிறதாம்.

மந்திரி பேச ஆரம்பித்தார். அவர் வாயைத் திறந்ததும் அவறானும் திறந்தான். பேச்சு நீண்டது. இவன் வாயும் மூடவில்லை. நான் மேடையோரம் ஓடினேன்.

"சாரே, திறந்திருக்கான்! இப்போ எடுத்துடுங்க!"

"உஷ்! மந்திரி பேசிட்டிருக்கார். பின்னாலே சாயா இருக்கு, போய்க் குடிங்க."

மந்திரி திரும்பிப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "இந்த நண்பருடைய மகிழ்ச்சியைப் பாருங்கள்! இந்தப் புன்னகைதான் எங்கள் சாதனை!" ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன். எல்லாரும் தட்டும்போது சும்மா நிற்க எனக்குப் பயம்.

இரண்டு நாளில் அங்காடி முக்கில் பனையுயரத்துக்கு ஃபிளெக்ஸ் வந்தது. மந்திரி, பக்கத்தில் வாய் பிளந்த என் தம்பி. பல் அத்தனையும் முத்து.

"அந்தக் கறுத்த பல்லு எங்கேடா?" என்று ஃபிளெக்ஸ் அடித்த பாபுட்டியைக் கேட்டேன்.

"மந்திரி பக்கத்துல சொத்தைப் பல்லு நல்லாவா இருக்கும், இத்தா? கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டி வெள்ளையாக்கிட்டேன். வலிச்சுதான்னு உங்க தம்பியையே கேளுங்க" என்று சிரித்தான்.

மறுநாள் அவறானோடு மையத்துக்குப் போனேன். டாக்டர் சன்னல் வழியே ஃபிளெக்ஸைக் காட்டினார்.

"அதான் முடிஞ்சுதே. எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க."

"அது படம், சாரே. வாயைப் பாருங்க." நான் 'ஆ' என்றேன். அவறானும் 'ஆ' என்றான்.

டாக்டர் உள்ளே பார்த்தார். வெளியே பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"அங்கே வெள்ளை. இங்கே கறுப்பு. அப்போ இது அந்த ஆளு இல்ல."

"என் தம்பியை எனக்குத் தெரியாதா?"

"மந்திரிக்குத் தெரிஞ்ச ஆளு அவன். அவன் பேர்ல வேற ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தா அதுக்கு ஆள்மாறாட்டம்னு பேரு. நான் புகார் குடுத்தாகணும். உங்க மேல இரக்கப்பட்டுச் சொல்றேன், இவன் வாயை இந்த ஊர்ல யாருக்கும் காட்டாதீங்க."

அன்றே அவறானுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஜீப் பிடித்துக் கோழிக்கோட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே ஒரு டாக்டரம்மா முதலில் வால்வுக்குக் காவலாக நரம்பில் மருந்து ஏற்றினார். அவனுடைய பழக்கத்தைச் சொன்னேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் அவன் எதிரே நின்று 'ஆ' என்றார். பல் தட்டில் விழுந்தது. ஃபிளெக்ஸ் இல்லை, செண்டை இல்லை. அடுத்த மாதம் வால்வு ஆபரேஷனுக்கும் நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

தம்பி பிழைத்தான். எனக்குத்தான் நடுக்கம். ஃபிளெக்ஸில் பல் வெள்ளை, வாயில் பல்லே இல்லை. இப்போது இவன் மூன்றாவது ஆள்.

ஊருக்கு எல்லாம் தெரியும். வீங்கிய கன்னத்தைப் பார்க்காதவர் உண்டா? இருந்தும் ஃபிளெக்ஸுக்குக் கீழே நின்று, "கவர்மென்ட்டு நினைச்சா என்ன பளபளப்பு, பாத்தியா!" என்கிறார்கள். அசம்பாவிதமே நடக்காத மையம் என்று அதற்கு விருது வந்தது. பயனாளியின் சகோதரி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று என்னை மேடையேற்றினார்கள்.

எதிரே முதல் வரிசையில் அவறான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் திறந்தால் அவனும் திறப்பான். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவனும் உதட்டைக் கடித்துக்கொண்டான். ஊரும் மூச்சு விடவில்லை.

"நன்றியில் வாயடைத்துப் போயிருக்கிறார்" என்று டாக்டர் ஒலிபெருக்கியில் சொன்னார். அதற்கும் கைதட்டல்.

வீட்டுக்கு வந்தேன். கதவைச் சாத்தினேன், சன்னலையும் சாத்தித் திரையை இழுத்துவிட்டேன். அதன்பிறகுதான் பத்திரியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து, சத்தம் வராமல் 'ஆ' காட்டினேன்.

சாத்தும்போது எட்டிப் பார்த்தேன். தெருவில் எல்லார் வீட்டுச் சன்னலும் எனக்கு முன்பே சாத்தியிருந்தது.