மூன்று பட்டன் வைத்த புரதமும் என் கைக்குட்டையும்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலியும் மாமாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

“உன் மக இன்னும் என்னதான் படிக்கிறா?” என்று போன் போடும்போதெல்லாம் கேட்கிறாயே, இந்த முறை பதில் இருக்கிறது. மரத்தையும் இலையையும் மக்கவைத்துத் தின்கிற ஒரு நுண்ணுயிர். அது வெளியே விடுகிற புரதத்தில் இரண்டு பகுதிகள். ஒன்று நாரைப் பிடித்துக்கொள்ளும், மற்றது வெட்டும். நாற்பது வருஷம் தையல்கடையில் நான் இடது கையில் துணியும் வலது கையில் கத்தரியுமாக இருந்தேனே, அதே கதைதான். இப்படித் தனியாக மடிந்து தன் வேலையைத் தானே பார்க்கிற பகுதிக்கு டொமைன் என்று பேர். பிடிக்கிற டொமைனுக்கு ஒரு பக்கம் தட்டை. அதில் மூன்று பட்டன் வரிசையாகத் தைத்த மாதிரி மூன்று மேடு. நாரில் இருக்கிற சர்க்கரைச் சங்கிலியில் அவை போய் ஒட்டிக்கொள்ளுமாம். உன் மருமகள் அதை மட்டும் பிரித்தெடுத்து, நீல விளக்கில் பச்சையாக ஒளிர்கிற ஒன்றை அதோடு சேர்த்து, பருத்தித் துணியில் ஒட்டுகிறதா என்று பார்த்தாள். எட்டு மாதம் பார்த்தாள். அலசினால் பச்சையெல்லாம் போய்த் துணி வெள்ளை வெளேர். “புரதம் சரியா மடியலை. இந்த மாசத்தோட விட்டுட்டு வேற ஆராய்ச்சி பாரு” என்று பேராசிரியர் அம்மா கெடு வைத்துவிட்டார். “மூணு வருஷம் போச்சுப்பா” என்று பிள்ளை அழுதாள்.

வெள்ளிக்கிழமை அவள் மறந்துபோன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். போனவன் கொடுத்துவிட்டு வந்திருக்கலாமில்லையா? எட்டிப் பார்க்கிறேன் பேர்வழி என்று அந்தப் புரதம் இருந்த அவள் கிண்ணத்தை முழங்கையால் தட்டிவிட்டேன். பதறிப்போய் என் கைக்குட்டையால் துடைத்து, யாரும் பார்ப்பதற்குள் குழாயில் அலசு அலசென்று அலசி மேஜையில் விரித்தேன். அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் நீல விளக்கைப் போட்டார். கைக்குட்டை பச்சைப் பசேலென்று மின்னுது!

“யாரோடது இது?”

“என்னோடதுதாம்மா, மன்னிச்சிடுங்க.”

உன் மருமகள் என்னையும் கைக்குட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்பா, ஆராய்ச்சிக்கு நீங்க குடுத்த துணி பருத்திதானே?”

ஆமாம் அக்கா, தொட்டே சொல்வேன், அசல் பருத்தி என்று மார்தட்டி அந்தத் துணியைக் கொடுத்தவன் நான்தான். ஓரத்தைக் கொளுத்திப் பார்த்தோம். சாம்பலாகவில்லை; உருகி, மணியாக உருண்டது. பாலியெஸ்டர்! அசல் பருத்தி என் கைக்குட்டைதான். மானம் கப்பலேறிப்போச்சு. திட்டப்போகிறாள் என்று தலைகுனிந்து நின்றால், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். “அது நல்லாத்தான் மடிஞ்சிருக்குப்பா! பிடிச்சுக்க நாமதான் அதுக்கு ஒண்ணும் குடுக்கலை.” புதுப் பருத்தித் துணியில் மூன்று முறை செய்து பார்த்தார்கள். மூன்று முறையும் பச்சை. “எதுல ஒட்டாதுன்னும் காட்டணும். அதை எட்டு மாசமா உங்கப்பா காட்டிட்டார்” என்று பேராசிரியரும் சிரித்துவிட்டார். நேற்று பிள்ளை இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

இனி எந்தத் துணிக்கும் நான் வாக்குக் கொடுப்பதாக இல்லை. மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: மாமாவுக்கு ஒரு சட்டை தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அசல் பருத்தி, தொட்டே சொல்கிறேன். உள்மடிப்பில் ஒரு மூலை குறைந்திருக்கும். உன் மருமகள் வெட்டிக் கொளுத்திப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மாமாவை மட்டும் அந்தச் சட்டையோடு அடுப்புப் பக்கம் விடாதே.