சோபியாவுக்கு ஊசி குத்திய விவரம்

எளாவூரில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் ஆல்வின் அவர்களுக்கு, பழவேற்காட்டிலிருந்து சந்தியாகு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை மரியம்மாவும் நலம். அங்கு நீங்களும் மருமகன் ஹேமந்தும் நலமாக இருக்க வேண்டுகிறோம். வேண்டுவது வேறு, வயிறு எரிவது வேறு. நீங்கள் போனை எடுக்காததால் கடிதம்.

உங்கள் மகன் ஹேமந்துக்கும் என் மகளுக்குமான கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்னு ஆள் விட்டீர்கள். காரணம் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை, நானே சொல்கிறேன். நர்சிங் படிக்கிற என் மகள் சோபியா வார்டில் ஒருவருக்கு ஊசி போட்டு எடுக்கும்போது அந்த ஆள் கையை உதறி, ஊசி அவள் விரலில் குத்திவிட்டது. அவள் இன்னா பண்ணாள்? கையுறையைக் கழற்றி, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினாள். உடனே வார்டு சிஸ்டரிடம் சொன்னாள். அவசரப் பிரிவில் ரத்தம் கொடுத்தாள். அந்த ஆளுக்கு எச்.ஐ.வி. இருந்ததால் அன்றைக்கே தடுப்பு மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரு மாதம் விடாமல் சாப்பிட வேண்டுமாம். அப்புறமும் ரத்தம் பார்ப்பார்களாம்.

அதைக் கேட்டு நீங்கள் போனில் சொன்ன வைத்தியம் மறக்குமா? "வலை எடுக்கும்போது நமக்குக் கெளுத்தி முள் குத்தலையா? பிதுக்கி, வாயில வச்சு உறிஞ்சித் துப்பிட்டு, சுண்ணாம்பு தடவிக்கினு வேலையப் பாக்கறோம். இத்தப் போயி யாராவது சொல்லுவாங்களா? மூடிக்கினு இருக்கச் சொல்லு." பிதுக்கவும் கூடாது, வாயில் வைக்கவும் கூடாதுனு அவள் சொன்னதற்கு, மாமனுக்கே பாடமானு போனை வைத்தீர்கள்.

மாத்திரை குமட்டும். லீவில் வந்தவள் வாந்தி எடுத்தாள். பக்கத்து வீட்டு ஜமுனா அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தாள். பார்க்க வந்த நீங்கள் மாத்திரை டப்பாவைப் பார்த்து இன்னொரு காரணம் சொல்லிவிட்டுப் போனீர்கள். மீன் ஏலம் விடுகிற இடத்தில் ரெண்டும் ஓடுது. ஒரே பெண்ணுக்கு ஒரே வாரத்தில் பிள்ளையும் எய்ட்ஸும் கொடுத்துட்டாங்க மச்சான். மரியம்மா வெளியிலேயே போறதில்ல. மறைச்சிருந்தா என் மகள் உங்க வீட்டு மருமகள், சொன்னதால வேண்டாதவள். இன்னா நியாயம் இது?

இருந்தாலும் நான் பெண்ணைப் பெற்றவன். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று கடைசி ரிசல்ட் வரும்வரை பேச்சை முறிக்காதீர்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை எனக்கு இனி எங்கே கிடைப்பான்? உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அக்காவுக்கு ஸ்தோத்திரம், ஹேமந்துக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் தயவுக்குக் காத்திருக்கும்
சந்தியாகு

பி.கு.: கவரை ஒட்டுமுன் சோபியா வாங்கிப் படித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நைனா, தள்ளிப் போட வேணாம், இதோட முடிச்சுக்கலாம்னு மாமாகிட்ட சொல்லு. குத்துனா மறைச்சுடுனு சொல்ற வீட்ல இன்னும் இன்னா இன்னா மறைச்சு வச்சிருக்காங்களோ. எனக்குப் பயமா இருக்கு." யோசித்துப் பார்த்தேன், எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆகவே, மேலே பிடித்த காலை விட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளவும்.