ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வறுமை ஒழியும்

மதுரை மாவட்டத்தில் வறுமையானது வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒழிக்கப்படும் என்பதைப் பொதுமக்களுக்குப் பெருமகிழ்ச்சியுடன் அறிவித்தது கோச்சடை விடிவெள்ளி அறக்கட்டளை. மதிய விருந்தும் உண்டு.

பிளெக்ஸில் நிறுவனர் அழகுமலை, தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட 'கருணைச் செம்மல்' பட்டத்தோடு சிரித்தார். கீழே, சின்னதாக, திருவாதவூர் முத்துமீனா சோகமாக நின்றாள். இடது கால் பலமில்லாத அவளுக்குத்தான் அன்று மேடையில் தையல் மிஷின் கொடுத்து வாழ்வளிக்கப் போகிறார்கள். காலால் மிதிக்கிற மிஷின்.

வெள்ளிக்கிழமை ஒரு சிக்கல் வந்தது. பிளெக்ஸில் 'வேலையற்ற ஏழைப்பெண்' என்று அச்சாகியிருந்த முத்துமீனா வேலைக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு வேலை தேடித்தர நியமிக்கப்பட்டிருந்த தங்கப்பாண்டி ஆடிப்போனான். விழா நல்லபடியாக முடிந்தால் அவனை நிரந்தரமாக்குவதாகத் தலைவர் அழகுமலை சொல்லியிருந்தார். நெல்பேட்டைக்கு ஓடினான்.

ஷேக் தாவூது பாயின் பிரியாணிக் கடையில், ஸ்டூலில் உட்கார்ந்து பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள் அவள். நாள் முழுக்க நிற்க முடியாது என்று ஜவுளிக்கடைகளெல்லாம் கைவிரித்தபோது பாய் மட்டும், பார்சல் கட்டக் காலு எதுக்கும்மா என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாராம். பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சபுராவையும் தங்கப்பாண்டிக்குத் தெரியும். அறக்கட்டளையின் முதல் பேட்ச்சில் பயிற்சி எடுத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும் வேலையில்லாமல் இருக்கும்படி முத்துமீனாவிடம் கெஞ்சினான்.

"அன்னைக்கு வரலைன்னா திங்கக்கெழமையும் வரவேணாம்னுட்டாரு பாய். எம்புட்டுக் கடை ஏறி எறங்கி இது கெடச்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

பாயிடம் போனான். ஒரே ஒரு நாள் அவளை வேலையிலிருந்து நீக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டான்.

பாய் கரண்டியைக் கீழே வைத்தார். "வேலை வாங்கிக் குடுக்குற ஆபீஸர்னுல்ல சொன்னீங்க?"

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் அதிகம், ஆள் குறையக் கூடாது. அவள் இடத்தில் யாராவது நின்றால் அனுப்புகிறேன் என்றார்.

தங்கப்பாண்டியே நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை முத்துமீனா ஆட்டோவில் ஏறும்போது, பழக்கதோஷத்தில், அறக்கட்டளையின் பயிற்சி வகுப்பில் சொல்வதையே சொல்லி அனுப்பினான். "மைக்கக் கண்டு பயப்படாத. உள்ளத உள்ளபடி பேசு."

கடையில் முதல் பார்சலுக்குத் தொட்டுக்கொள்ளத் தாளிச்சா வைக்க மறந்தான். அதை ஈடுகட்ட அடுத்தவருக்கு இரண்டாக வைத்தான். முதலாமவர் திரும்பி வந்து சண்டைக்கு நின்றார். பாய் அவசரப்படுத்தவே, தாளிச்சாப் பைகளுக்கு நூல் சுற்றுவதையே விட்டுவிட்டான். அப்படிக் கட்டிய பார்சல்கள்தான், அதே கடையில் ஆர்டர் கொடுத்திருந்த விழா விருந்துக்குப் போயின.

மதியம் தலைவர் போனில் வந்தார். வேலையில்லாமல் எப்படியெல்லாம் கஷ்டப்பட்டாய் என்று அவர் மைக்கை நீட்ட, முத்துமீனா பயப்படாமல் சொல்லியிருக்கிறாள்: "நான் வேலையிலதான்யா இருக்கேன். இப்ப எனக்குப் பதிலா எங்க தங்கப்பாண்டி அண்ணன் பார்சல் கட்டிக்கிட்டு இருக்காரு."

கூட்டம் பலமாகக் கைதட்டியதாம். பிறகு தலைவர் பார்சலைப் பிரித்திருக்கிறார். தாளிச்சா முழுவதும் வெள்ளை வேட்டியில். நாளையிலிருந்து ஆபீஸ் பக்கமே வராதே என்று போனை வைத்தார்.

முத்துமீனா வந்து ஸ்டூலில் உட்கார்ந்து நூலை எடுத்தாள். மிஷின் எங்கே என்றான். போட்டோ எடுத்ததும் திரும்ப வேனில் ஏற்றிவிட்டார்களாம்.

"ஓரத்துல நசுங்கியிருந்துச்சா?" என்றார் சபுரா. "அப்ப எனக்குக் குடுத்த அதே மிஷின்தான்."

தங்கப்பாண்டி போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பாய் உள்ளேயிருந்து இன்னொரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்க தம்பி. நூல் சுத்த இந்தப் பிள்ள சொல்லிக் குடுக்கும். ஆனா ஞாயித்துக்கெழம லீவு கேக்கக் கூடாது."

சபுரா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அந்த டிரஸ்ட்டு மூலமா வேலை கெடச்ச மொத ஆளு நீங்கதான் தம்பி."