எழுத்தெல்லாம் கட்டமாகிப் போன சலவைக்கடை

கணினிக்குள் நம் சலவைக்கடையைக் கட்டிக்கொடுத்த என் செல்லப் பேத்திக்கு, ஐந்தாம் வகுப்பு வரை படித்த பாட்டி ஆயிரம் ஆசிகளோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், கணினியைத் தவிர. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பன் இஸ்திரி மேசையை விட்டு நகர மாட்டேன் என்கிறான். கை துணியில், காது என் பக்கம். அதனால் உங்கள் ஊருக்குப் போகிற லாரிக்காரத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

விஷயம் இதுதானம்மா. உன் புரோகிராமில் எழுத்து போய்விட்டது. வாடிக்கையாளர் பெயர் கட்டம், துணி கட்டம், எந்த அலமாரி என்பதும் கட்டம். எண் மட்டும் எண்ணாகத் தெரிகிறது. வியாழக்கிழமை ஒரு விற்பனைக்காரன், டை கட்டினவன், தன் புரோகிராமைப் போட்டுக் காட்ட வருகிறான். பிடித்தால் வாங்கிவிடுவானாம் உன் அப்பன். "புள்ள விளையாட்டா எழுதுனத வெச்சு எத்தன நாளும்மா கடை நடத்துறது?" என்கிறான். நீ தூக்கம் கெட்டு எழுதியது விளையாட்டாம்! எனக்கு வந்த கோபம் கஞ்சி போட்ட காலர் மாதிரி இன்னும் விறைத்துக்கொண்டு நிற்கிறது.

நான் ஒன்றும் செய்யவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம் அடைத்துக்கொண்டது என்று கணினியே கதறியது. சரி என்று கொஞ்சம் சுத்தம் செய்தேன். யாரும் கேட்டு வராத துணியை வருஷக் கடைசியில் மூட்டை கட்டி அப்புறப்படுத்துவோமே, அந்த மாதிரி. மற்றபடி என் கை அதன்மேல் படவே இல்லை. எனக்கு உன் கறுப்புத் தீம் மேல்தான் சந்தேகம். "கண்ணு கூசாது பாட்டி" என்று மாட்டிவிட்டுப் போனாயே, அந்தச் சாயம் இறங்கி எழுத்தைக் கெடுத்துவிட்டது என்று நினைத்தேன். மெனுவும் கட்டம்தான், ஆனால் மூன்றாவது கட்டம் செட்டிங்ஸ் என்று என் கைக்குத் தெரியும். வெள்ளைத் தீம் போட்டேன், கறுப்புக் கட்டம் வந்தது. நீலம் போட்டேன், வெள்ளைக் கட்டம் வந்தது. உன் அப்பன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, கம்ப்யூட்டரச் சாயத்துல முக்குறியா?" என்றான். "ஆமாண்டா, அடுத்து உன்னத்தான்" என்றேன்.

இரு, கவுண்டரில் மணி அடிக்கிறார்கள்.

வந்துவிட்டேன். எங்கே விட்டேன்? எழுத்து சுருங்கியிருக்கும் என்று அளவைக் கூட்டினேன். கட்டம் ஒவ்வொன்றும் சோப்புக் கட்டி மாதிரி வீங்கிக்கொண்டு, 'சேமி' பட்டனைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டது. போனில் கிசுகிசுத்து உன்னைக் கேட்டால், "டூல்கிட் சிஸ்டத்துல இருக்கிற ஃபான்ட்டத்தான் எடுத்துக் காட்டும் பாட்டி, என் புரோகிராம்ல ஒண்ணும் இல்ல, மீட்டிங்" என்று வைத்துவிட்டாய். டூல்கிட் என்பது பட்டனும் பெட்டியும் தயாராகச் செய்து தருகிற சரக்கு என்று முன்னே நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஃபான்ட் எழுத்தின் உருவம். அந்த மீட்டிங்தான் என்னவென்று எனக்குப் புரியவில்லை.

இதற்குள் ஒரு விபரீதம். பல் டாக்டர் அங்கியும் கசாப்புக் கடைக்காரர் அங்கியும் வெள்ளைதானே? பெயர் தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிட்டேன். டாக்டர் அவசரத்தில் போட்டுக்கொண்டு, குறடோடு குனிந்திருக்கிறார். வாயைத் திறந்து படுத்திருந்தவர் அங்கிப் பையில் 'எலும்பில்லாமல் வெட்டித் தரப்படும்' என்ற தையலைப் படித்துவிட்டு, கழுத்துத் துண்டோடு தெருவில் ஓடியிருக்கிறார். டாக்டர் வந்து, "உங்களால எனக்கு ஒரு பேஷண்ட் போச்சும்மா" என்று கத்தினார். "பல்லு மிச்சமாச்சே அவருக்கு" என்றேன். கசாப்புக் கடைக்காரர் கோபிக்கவில்லை; டாக்டர் அங்கியில் வியாபாரம் ஜோர் என்று திருப்பித் தர மறுக்கிறார். இதையெல்லாம் பார்த்துத்தான் உன் அப்பன் டை கட்டினவனைக் கூப்பிட்டான்.

ஆகையால் லீவு போட்டுவிட்டு உடனே புறப்பட்டு வா. நீ கட்டின கடையில் இன்னொருத்தன் வந்து உட்காருவதை நான் கண்ணால் பார்க்க மாட்டேன். உன் தலை குளிர, கை வலிக்காமல், கண்ணாடி பவர் ஏறாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கவுண்டர் பொறுப்பில் இருக்கும் உன் பாட்டி.

பி.கு. ஒட்டின கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். லாரிக்காரத் தம்பி சலவைக்குப் போட்ட சட்டை இன்னும் காயவில்லை, அதனால் அவன் கிளம்பவில்லை. டை கட்டினவன் இன்றைக்கே வந்து குதித்துவிட்டான். அவன் புரோகிராமைப் போட்டான் பார், அதிலும் கட்டம்! வேர்த்துக்கொண்டே, "இதுல தமிழ் ஃபான்ட்டே இல்லையேம்மா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு பேரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கணினியின் குப்பைத் தொட்டியைத் திறந்தேன். ஒரே 'அ'வை ஒவ்வொரு தினுசாக எழுதிவைத்த ஃபைல்கள் எல்லாம் அங்கே கிடந்தன. யார் போட்டது என்று நீ ஆராய வேண்டாம். எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன், எழுத்து பளிச்சென்று வந்துவிட்டது. திரும்பி வந்த உன் அப்பன் அவனிடம், "எம் பொண்ணு எழுதுனது, எங்கம்மா ரிப்பேர் பண்ணுனது. உங்களுது வேணாம் தம்பி" என்று சொன்னான். அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். அதனால் லீவு போடாதே, வராதே, மேலே எழுதியதைப் படிக்காமலேயே கிழித்துப் போடு.

ஒன்றே ஒன்று மட்டும். அதே தொட்டியில் 'பேக்கப்' என்று ஒரு பெரிய மூட்டையும் கிடக்கிறது. இதுவரை யாரும் கேட்டு வரவில்லை. காலி பண்ணிவிடட்டுமா?